கிட்டங்கியும் டார்ம் படுக்கையும்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் என் ஆசியப் பயணம் பற்றி ஒரு சிறு குறிப்பு வந்திருந்தது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த நான், 2018 நவம்பரில் ஒரு முதுகுப்பையோடு ரயிலேறினேன். மணிப்பூர் வழியாக பர்மா, அப்புறம் தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம், கம்போடியா, மலேசியா, சிங்கப்பூர் என்று தரைவழியாகவே போய், அடுத்த வருஷம் பாதி கடந்த பிறகு திருச்சியில் விமானம் இறங்கினேன். அப்போது எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. குறிப்பைப் படித்துவிட்டுச் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

*

அக்கா, மொத்தம் எவ்வளவு செலவாச்சு? பணத்துக்கு என்ன செய்தீங்க? ஒளிக்காமல் சொல்லுங்க.
— கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

ஒளிக்க என்ன இருக்கிறது? எடுத்த சீட்டுப் பணம், ஒரு ஜோடி வளையல் விற்ற பணம், கடையில் கணக்கு முடித்துக் கொடுத்த தொகை, அவ்வளவுதான் முதல். விசா, கடைசி விமானம் இரண்டையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் ஒரு நாளைக்குச் சராசரியாக 1,500 ரூபாய்க்குள் முடிந்தது. அப்போது டாலர் 70 ரூபாயை ஒட்டி இருந்தது. இன்றைக்கு அந்தக் கணக்கு செல்லாது, கூட்டிக்கொள்ளுங்கள்.

எல்லா நாடும் ஒரே விலை இல்லை. வியட்நாமில் ஐந்தாறு டாலருக்குப் படுக்கை, காலைச் சாப்பாடு இரண்டும் கிடைத்தன. பர்மாவில் அந்த மாதிரி விடுதிகள் குறைவு, தங்குவதற்குக் கொஞ்சம் கூடவே ஆனது. சிங்கப்பூரில் ஒரு இரவுக்குக் கொடுத்த காசுக்கு வியட்நாமில் மூன்று நாலு இரவு தூங்கலாம். அதனால் மலிவான நாட்டில் அதிக நாளும் விலை கூடிய நாட்டில் கொஞ்ச நாளும் இருக்கும்படி வழியைப் போட்டேன்.

மிச்சம் பிடிக்க ஒரே வழிதான் உண்டு தங்கச்சி. மெதுவாகப் போக வேண்டும். தினம் ஊர் மாறினால் தினம் பஸ் காசு, தினம் புது விடுதி, பசியோடு இறங்கி முதலில் கண்ட கடையில் சாப்பாடு. ஒரே ஊரில் ஒரு வாரம் இருந்தால் சந்தை எங்கே கூடுகிறது, எந்தக் கடையில் உள்ளூர்க்காரர்கள் சாப்பிடுகிறார்கள், எந்தத் தெருவில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளலாம் என்று தெரிந்துவிடும். ஹனோயிலிருந்து சைகோனுக்கு ரயில் பாதை 1,726 கிலோமீட்டர். ஒரே மூச்சில் போகாமல் நடுவில் இறங்கி இறங்கிப் போனேன். நீண்ட துண்டுகளை இரவில் வைத்துக்கொண்டால் அன்றைய விடுதிக் காசும் மிச்சம்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடங்களும் உண்டு. பயணக் காப்பீடு ஒன்று. இன்னொன்று, ஒருவருடைய உடல் உழைப்புக்குக் கொடுக்கிற காசு. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆண்டுக்கணக்கில் பேரத்தைப் பார்த்தவள் நான். பழைய எனாமல் கிண்ணத்துக்கு நூறு ரூபாயைக் குறைக்க ஒரு மணி நேரம் நின்று, ஜெயித்துவிட்டோம் என்று சிரித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது. வியட்நாமில் பழக்கூடை சுமந்து வருகிற அம்மாவிடம் பத்தாயிரம் டோங் குறைத்தால் நமக்கு மிச்சம் அன்றைய கணக்கில் முப்பது ரூபாய். இரண்டு கடையில் விலை கேளுங்கள், நியாயமானது தெரிந்துவிடும். அப்புறம் அதைக் கொடுத்துவிடுங்கள். குறைந்த காசில் ஊர் சுற்றுவது என்றால் நம் சொகுசைக் குறைத்துக்கொள்வது. அடுத்தவர் கூலியைக் குறைப்பது அதில் சேராது.

பர்மாவில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியிருந்தது. டாலர் நோட்டில் ஒரு மடிப்பு, ஒரு பேனாக் கீறல் இருந்தால்கூட வாங்க மாட்டார்கள். நான் நோட்டுகளை ஒரு தடித்த கணக்கு நோட்டுக்குள் தாளுக்கு ஒன்றாக வைத்து, அட்டை இரண்டையும் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக் கொண்டுபோனேன். மாற்றுகிற இடத்தில் அந்தப் பையன் ஒவ்வொரு நோட்டையும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, நாலு மூலையையும் விரலால் தடவிப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டான்.

*

முன்பின் தெரியாத பத்துப் பேரோடு ஒரே அறையில் படுப்பதா? ஒரு பெண் எப்படி?
— இல்லத்தரசி, கானாடுகாத்தான்

நம் ஊருக்கு இது புதிதில்லை ஆச்சி. கொண்டுவிக்கப் போன காலத்தில், அதாவது வட்டித் தொழிலுக்குக் கடல் கடந்து போன காலத்தில், பினாங்கிலும் சிங்கப்பூரிலும் நம் செட்டியார்கள் தங்கித் தொழில் செய்த கூடமான கிட்டங்கியில் எப்படி இருந்தார்கள்? நீளமான ஒரு கூடம். ஒவ்வொருவருக்கும் சுவர் ஓரமாக ஒரு இடம், ஒரு கைப்பெட்டி, கணக்கு எழுத ஒரு சாய்வு மேசை. பகலில் அதே இடத்தில் வியாபாரம், ராத்திரி அங்கேயே பாயை விரித்துத் தூக்கம். சமையல் பொது. ஊரில் அரண்மனை மாதிரி வீட்டைக் கட்டிவிட்டு அங்கே ஒரு பாயகலத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். டார்ம் என்பதும் அதுதான். ஆளுக்கு ஒரு கட்டில், கீழே பூட்டு போட ஒரு பெட்டி, பொதுச் சமையலறை.

பெண்களுக்கு மட்டும் என்று தனி அறை பெரிய ஊர்களில் எல்லாம் கிடைக்கும். அதையே எடுத்தேன். கிடைக்காத இடத்தில் சிறிய விடுதியில் தனி அறை. பூட்டு நம்முடையதாக இருக்க வேண்டும். கடவுச்சீட்டும் பணமும் தூங்கும்போதும் உடம்போடு இருக்க வேண்டும். புது ஊரில் இருட்டிய பிறகு போய் இறங்கக் கூடாது, பஸ் அகால நேரத்தில் சேரும் என்றால் அந்த பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் போக வேண்டும். இவ்வளவுதான் என் சட்டம். அறையில் கூட இருந்த பெண் பிள்ளைகளுக்கு என் மகள் வயசு. என்னைப் பார்த்ததும் கீழ்க் கட்டிலைத் தாங்களாகவே விட்டுக்கொடுத்தார்கள்.

*

பையில் என்னவெல்லாம் இருந்தது?
— வாசகர், புதுவயல்

பை எட்டுக் கிலோவைத் தாண்டவில்லை. மூன்று சுடிதார், ஒரு ஸ்வெட்டர், மருந்து, பருப்புப் பொடி, புளி. அதோடு ஒரு பருத்திக் கண்டாங்கிச் சேலை. இந்தச் சேலையைத்தான் எல்லாரையும் எடுத்துப் போகச் சொல்வேன். கட்டிக்கொண்டது கோயில்களில் மட்டும்தான். மற்ற நாளெல்லாம் அது போர்வை. மேல் கட்டில் விளிம்பில் செருகிவிட்டால் திரை. பஸ்ஸில் ஏசி குளிருக்குச் சால்வை. லாவோஸில் மோட்டார் வண்டி ஓட்டுகிறவர் பின்னால் உட்கார்ந்து போகும்போது புழுதிக்கு முகமூடி. அடித்துத் துவைத்தால் வெயிலில் கொஞ்ச நேரத்தில் காய்ந்துவிடும். சாயமும் போகவில்லை.

*

பர்மாவுக்கு மணிப்பூர் எல்லை ஊரான மோரே வழியாகப் போனீர்களாமே. எங்கள் ஐயாவும் ரங்கூன் மொகல் தெருவில் கடை வைத்திருந்தவர். அந்த வழியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுங்கள்.
— ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், தேவகோட்டை

நான் கிளம்பியதே இந்த வழிக்காகத்தான். எங்கள் ஐயா, அப்பாவைப் பெற்றவர், மண்டலேயில் ஒரு செட்டியார் கடையில் சமையற்காரராக இருந்தவர். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடை ஆட்கள் எல்லாருக்கும் பொங்கிப் போட்டவர். 1942 இல் ஜப்பான்காரன் குண்டு போட்டதும் லட்சக்கணக்கானவர்கள் நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள் அல்லவா, அவர்களில் ஒருவர். பர்மாவின் சிந்த்வின் என்ற ஆற்றில் படகு, கலேவாவில் இறங்கி காபோ பள்ளத்தாக்கு வழியாக நடை, தமூ, பலேல், இம்பால், கடைசியில் திமாப்பூரில் ரயில். அப்பத்தா இந்த ஊர்ப் பெயர்களை வரிசையாகச் சொல்லித்தான் எங்களைத் தூங்க வைப்பார். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களைப் பற்றி ஐயா ஒரு வார்த்தை பேசியதில்லை என்றும் சொல்வார்.

நான் அதைத் திருப்பிப் போட்டேன். காரைக்குடியில் பல்லவன் ஏறி சென்னை, அங்கிருந்து குவாஹாத்தி, அப்புறம் திமாப்பூர், கோஹிமா வழியாக இம்பால். இம்பாலிலிருந்து மோரேக்கு மலைப்பாதையில் நூறு கிலோமீட்டர் சொச்சம். வழியில் சோதனைச் சாவடிகள் நிறைய. மோரேயில் இறங்கினால் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, அங்காள பரமேஸ்வரி கோயில் இருக்கிறது, இட்லிக் கடை இருக்கிறது. பர்மாவில் 1962 இல் ராணுவ ஆட்சி வந்து, அடுத்தடுத்த வருஷங்களில் வங்கிகளையும் கடைகளையும் அரசுடைமை ஆக்கியதும் நம் ஆட்கள் கப்பலில் திரும்பினார்கள். ஊரில் வேர் பிடிக்க முடியாமல், பிறந்த மண்ணான பர்மாவுக்கே தரைவழியாகத் திரும்பிப் போகப் பார்த்தவர்கள் எல்லையில் தடுக்கப்பட்டு அங்கேயே தங்கியதால் உண்டான தமிழ்க் குடியிருப்பு அது. கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னிடம், "எந்தப் பக்கம் தாயி? ராம்நாட்டுப் பக்கமா?" என்று கேட்டார். சிவகங்கை என்றேன். "எல்லாம் ஒண்ணுதான், அப்ப ராம்நாடுதான்" என்றார். சிவகங்கை தனி மாவட்டமானது அவர்கள் வந்த பிறகுதானே.

அந்த எல்லை வெளிநாட்டுப் பயணிகளுக்கு முறையாகத் திறந்தது 2018 ஆகஸ்டில். நான் போனபோது இ-விசா அச்சிட்ட தாளைப் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார்கள், அவ்வளவுதான். தமூவிலிருந்து கலேவா வரை 160 கிலோமீட்டர் சாலையை இந்தியாவே போட்டுக் கொடுத்திருக்கிறது. 2001 இல் திறந்த சாலை. வேனில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டேன். இரண்டு பக்கமும் தேக்கு, மூங்கில், சிறு சிறு ஆறுகள். வேன் சில மணி நேரத்தில் கடந்துவிடுகிற தூரம். ஐயா இதை நடந்தார், அதுவும் எதிர்த்திசையில், முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல். பக்கத்து இருக்கையில் இருந்த பர்மியப் பெண் எதுவும் கேட்காமல் ஒரு ஆரஞ்சுப் பழத்தை உரித்து என் கையில் வைத்தார்.

மண்டலேயில் ஐயா இருந்த கடையை என்னால் அடையாளம் காண முடியவில்லை. முகவரி எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லை. உங்கள் ஐயாவுக்குக் கடை இருந்ததாக நீங்கள் சொல்கிற ரங்கூன் மொகல் தெரு இப்போது ஷ்வே போந்தா தெரு. சூலே பகோடாவிலிருந்து நடந்துபோகிற தூரம்தான். பழைய கட்டடங்கள் பல அப்படியே நிற்கின்றன. மேல்மாடியில் கொடியில் துணி காய்கிறது, கீழே கடைகள். அங்கிருந்து அனவ்ரதா சாலைக்கு வந்தால் காளி கோயில், 1871 இல் தமிழர்கள் கட்டியது. உங்கள் வீட்டில் பழைய கணக்குப் புத்தகமோ, மார்க்கா போட்ட கடிதமோ இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கதவு எண் அதில்தான் இருக்கும்.

*

நம்மைப் பற்றி பர்மாக்காரர்கள் என்ன நினைக்கிறார்கள்? மரியாதையாக நடத்தினார்களா?
— வாசகர், கோனாபட்டு

என்னை மிக நன்றாக நடத்தினார்கள். ஆனால் உங்கள் கேள்வி என்னைப் பற்றி இல்லை என்று தெரிகிறது, அதனால் நேராகவே சொல்கிறேன். நம் பக்கத்தில் பர்மா என்றால் தேக்குத் தூண், கவுனி அரிசி, சம்பாதித்த பணம், பிறகு எல்லாவற்றையும் இழந்து திரும்பிய சோகம். அந்த ஊர்க்காரர்களுக்கு வேறொரு கதை இருக்கிறது. கீழ்ப்பர்மாவில் நெல் விளைகிற 13 முக்கிய மாவட்டங்களில் 1930 இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு. 1938 இல் அது 25 பங்கு. உலகமெங்கும் விலை சரிந்து நெல்லுக்கும் விலை போனதும் கடன் திரும்பவில்லை, அடமானம் வைத்த நிலம் கைமாறியது. வட்டிக்கு விட்டவர்களில் பலர் நிலத்தை விரும்பி வாங்கவில்லை, பணம்தான் அவர்களுக்கு வேண்டும் என்பதும் உண்மை. நிலத்தை இழந்த குடியானவனுக்கு அந்த வித்தியாசத்தால் என்ன ஆகப்போகிறது?

ரங்கூனில் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் என்னிடம் இதைக் கோபமில்லாமல், ஆனால் பூசி மெழுகாமல் சொன்னார். அவருடைய பாட்டனார் நிலமும் அப்படிப் போனதாம். சொல்லி முடித்துவிட்டுத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நம் வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்குத் தூணைக் காட்டி "பர்மா தேக்கு" என்று சொல்கிற இடத்தில் இந்தப் பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் நான் சொல்கிறேன்.

*

ஆத்தங்குடிக் கல் வேலை செய்கிறேன். போன இடத்தில் கைத்தொழில் ஏதாவது பார்த்தீர்களா?
— டைல்ஸ் தொழிலாளி, ஆத்தங்குடி

பார்த்தேன் தம்பி. உங்களுக்குச் சொல்லத்தான் ஆசை. எங்கள் கடைக்குப் பழைய வீடுகளிலிருந்து வருகிற சாமான்களில் பர்மா அரக்குப் பெட்டிகள் உண்டு. சிவப்பும் கறுப்புமாக, மூடியைத் திறந்தால் ஒரு மாதிரி இனிப்பும் புகையும் கலந்த வாசனை வரும். ஆண்டுக்கணக்கில் அவற்றுக்குச் சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன். எப்படிச் செய்கிறார்கள் என்று தெரியாது. பகான் பக்கத்தில் மியின்கபா என்று ஒரு கிராமம், அங்கேதான் இந்த வேலை. பல நாள் அங்கே போய் உட்கார்ந்தேன்.

முதலில் மூங்கிலை மெல்லிய நாராகச் சீவிச் சுருட்டியோ பின்னியோ வடிவம் கொண்டுவருகிறார்கள். உயர்ந்த ரகத்துக்கு மூங்கிலோடு குதிரை முடியைச் சேர்த்துப் பின்னுகிறார்கள். அதன் மேல் ஒரு காட்டுமரத்தின் பாலைப் பூச வேண்டும். வெட்டும்போது வெளுப்பாக வருகிற பால், காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். தூரிகை கிடையாது, வெறும் கைதான். ஒரு பெரியம்மா கிண்ணத்தை இடது உள்ளங்கையில் சுழற்றிக்கொண்டே வலது கை விரல்களால் பூசினார். அவர் நகம், விரல் கணு, ரேகை எல்லாம் கறுப்பு. ஒரு பூச்சு முடிந்ததும் வெயிலில் காய வைப்பதில்லை, தரைக்குக் கீழே இருட்டு அறையில் நாள்கணக்கில் வைக்கிறார்கள். ஈரக் காற்றில்தான் அது இறுகுமாம். எடுத்துத் தேய்த்து, மறுபடி பூச்சு, மறுபடி நிலவறை. நல்ல கிண்ணம் ஒன்று முடிய மாதங்கள் ஆகும். கடைசியில் எழுத்தாணி மாதிரி ஒரு கம்பியால் கீறி, அந்தக் கீறலில் சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று ஒவ்வொரு நிறமாக ஏற்றுகிறார்கள். அங்கிருந்த மூத்த தொழிலாளி குதிரை முடிக் கிண்ணம் ஒன்றை எடுத்து, எதிரெதிர் விளிம்புகள் ஒன்றையொன்று தொடும்வரை இரண்டு விரலால் அமுக்கினார். விட்டதும் பழைய வட்டத்துக்கு வந்துவிட்டது. ஒரு விரிசல் இல்லை.

நீங்கள் கண்ணாடித் தகட்டின் மேல் சாயத்தை ஊற்றி, மணலும் சிமென்ட்டும் போட்டு, தண்ணீரில் ஊற வைத்து எடுக்கிறீர்களே, அதை என் போனில் இருந்த படத்தில் அவருக்குக் காட்டினேன். ஊற்றுகிற கை நடுங்காமல் இருப்பதை மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தார். யார் இவர் என்று கேட்டார். எங்கள் பக்கத்து ஊர் என்று சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

*

சாப்பாட்டுக்குக் கஷ்டப்படவில்லையா? நான் வெள்ளி, செவ்வாய் சைவம்.
— வாசகி, கண்டரமாணிக்கம்

நான் அசைவம் சாப்பிடுகிறவள், மாட்டுக்கறி மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். சைவத்துக்கு வியட்நாமைப் போல வசதியான ஊர் குறைவு. "சாய்" என்று பலகை போட்ட கடைகள் முழுச் சைவம். பௌர்ணமியும் அமாவாசையை ஒட்டிய நாளும் அங்கே பலருக்கு விரத நாள், அன்று தெருவெல்லாம் சைவச் சாப்பாடு கிடைக்கும். தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்து தொங்கும் கடையைத் தேடுங்கள். மற்ற இடங்களில் மீன் சாறு காய்கறிக்குள்ளேயே புகுந்துவிடும், பார்த்துக்கொள்ள வேண்டும்.

பர்மாவில் காலையில் மொஹிங்கா என்று மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ். குழம்பில் வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்கிப் போட்டிருப்பார்கள். மண்டலேயில் ஒரு அம்மா நடத்திய மொஹிங்காக் கடையில் நான் விடாமல் போய்ச் சாப்பிட்டேன். சந்தையில் கறுப்பு ஒட்டரிசியை ஆவியில் வேகவைத்து, எள்ளும் உப்பும் இடித்த பொடி தூவி வாழை இலையில் தருகிறார்கள். நம் கவுனி அரிசிதான். நாம் இரவெல்லாம் ஊற வைத்து, சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய், ஏலக்காய் சேர்த்துக் கல்யாணத்துக்குப் போடுகிறோம். அவர்கள் தெருவில் காலைப் பசிக்குச் சாப்பிடுகிறார்கள். பினாங்கில் அதையே கஞ்சி பதத்தில் காய்ச்சித் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொடுத்தார்கள். மூன்றில் எனக்குப் பிடித்தது எள்ளுப்பொடி போட்டது. இதைச் சொன்னால் எங்கள் அண்ணிக்குக் கோபம் வரும், ஆனாலும் அதுதான் உண்மை.

*

போன இடங்களில் நம் கோயில்கள்?
— வாசகர், இளையாத்தங்குடி

பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலும் சிங்கப்பூர் டேங்க் ரோடு முருகன் கோயிலும் உங்களுக்கே தெரியும். பினாங்கு வெள்ளி ரதம் 1894 இல் நம் காரைக்குடியில் செய்து கப்பலேற்றியது. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகள் இருந்த இடத்தில் இப்போது அண்ணாந்து பார்க்கிற கட்டடங்கள்.

நான் அதிக நேரம் நின்றது சைகோனில். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களாகிய நகரத்தார் கட்டிய தண்டாயுதபாணி கோயிலும் இருக்கிறது, கூட்டம் அலைமோதுகிற மாரியம்மன் கோயிலும் இருக்கிறது. மாரியம்மனுக்கு வருகிறவர்கள் முக்கால்வாசி வியட்நாம்காரர்கள். மல்லிகையும் ஊதுவத்தியும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். கருவறைக்குப் பின்பக்கக் கல்சுவரில் நெற்றியை வைத்து, இரண்டு உள்ளங்கையையும் பதித்து, உதடு அசைய வேண்டிக்கொள்கிறார்கள். அலுவலக உடையில் ஒரு பெண், முதுகில் பள்ளிக்கூடப் பையோடு ஒரு பையன், அப்புறம் ஒரு பாட்டி. அந்த இடத்துக் கல் மட்டும் எண்ணெய் தேய்த்த மாதிரி மின்னுகிறது. நானும் அவர்களோடு வரிசையில் நின்று நெற்றியை வைத்தேன்.

*

நீங்கள் போன அதே வழியில் இப்போது போகலாமா? வேலையை விட்டுவிட்டுக் கிளம்பத் தயாராக இருக்கிறேன்.
— ஐ.டி. ஊழியர், கொத்தமங்கலம்

முடியாது தம்பி. 2021 பிப்ரவரி 1 அன்று பர்மாவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அன்று தொடங்கிய சண்டை நான் போன தமூ, கலே பகுதிகளைக் கடுமையாகப் பாதித்தது. மணிப்பூரில் 2023 மே மாதம் வெடித்த கலவரத்தில் மோரே எரிந்தது. 2025 மார்ச் 28 நிலநடுக்கம் மண்டலேயையும் சகாயிங்கையும் உலுக்கியது. ஆரஞ்சுப் பழம் கொடுத்த பெண்ணை நினைக்கிறேன், எனக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. மொஹிங்காக் கடை அம்மாவுக்கு நான் அனுப்பிய செய்திகளுக்குப் பதில் வரவில்லை. அந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அங்கே இருப்பவர்களுக்கு நல்ல காலம் வர வேண்டும், நாம் சுற்றிப் பார்ப்பது அப்புறம்தான்.

உங்களுக்கு வேறு வழி இருக்கிறது. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு விமானத்தில் போய் இறங்கி, அங்கிருந்து ரயிலில் வடக்கே பினாங்கு, பாடாங் பெசார் எல்லை, பாங்காக் என்று போகலாம். பாங்காக்கில் நான் ஏறி இறங்கிய பழைய ஹுவாலம்போங் நிலையத்தை விட்டுத் தொலைதூர ரயில்கள் 2023 இல் புது நிலையத்துக்குப் போய்விட்டன, குழம்பிவிடாதீர்கள். லாவோஸில் 2021 டிசம்பரில் சீன ரயில் வந்துவிட்டது, வியன்தியானிலிருந்து லுவாங் பிரபாங்குக்கு இரண்டு மணி நேரம்தான். ஆனாலும் தாய்லாந்து எல்லையில் உள்ள ஹுவே சாயிலிருந்து மீகாங்கில் இரண்டு நாள் போகிற படகை விடாதீர்கள். நடுவில் பாக்பெங் என்ற சிற்றூரில் இரவு தங்கல். கரையில் மேடையே இல்லாத மணல்திட்டில் படகு மூக்கை வைக்கும், ஒரு குடும்பம் அரிசி மூட்டையோடு இறங்கும், ஒரு பையன் கோழியோடு ஏறுவான். அவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருப்பது உங்கள் வேலைக்கு அப்புறம் நல்லது.

தாய்லாந்தும் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசாச் சலுகை அறிவித்திருக்கின்றன. அவை மாறிக்கொண்டே இருப்பவை. டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரக இணையதளத்தை நீங்களே பாருங்கள், ஏஜென்ட் சொன்னார் என்று கிளம்பாதீர்கள். வேலையை விடுவது பற்றி: ஆறு மாதம் ஊதியமில்லா விடுப்புக் கிடைக்குமா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.

*

என் மகள் உங்கள் குறிப்பைப் படித்துவிட்டுத் தானும் தனியாகப் போக வேண்டும் என்கிறாள். வயது 23. அனுப்பலாமா?
— ஒரு தாய், நாச்சியாபுரம்

அனுப்புங்கள். ஆனால் முதல் பயணமே ஆறு மாதம் வேண்டாம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் கப்பல் தொடங்கினார்களே, நடுவில் நின்று மறுபடி ஓடத் தொடங்கியதே, அதில் யாழ்ப்பாணம் போகட்டும். காலையில் கப்பலேறினால் மதியத்துக்குள் இறங்கிவிடலாம், மொழி நம் மொழி. அங்கிருந்து ரயிலில் கொழும்பு, செட்டியார் தெருவில் கதிரேசன் கோயில், பிறகு கண்டி, நுவரெலியா என்று இரண்டு வாரம் தன் காசில், தன் கணக்கில் இருந்துவிட்டு வரட்டும். தினமும் செலவை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் அவளும் நீங்களும் உட்கார்ந்து அந்த நோட்டைப் பாருங்கள். எங்கே பயந்தாள், எங்கே காசு வீணானது, எந்த ஊரில் இன்னும் நாலு நாள் இருந்திருக்கலாம் என்று அவளே சொல்வாள். அதை வைத்து அடுத்த வழியைப் போடுங்கள்.

தினம் ஒரு நேரம் குறித்துக்கொண்டு போன் பேசுங்கள். சிக்னல் இல்லாமல் ஒரு நாள் தவறினால் ஊரைக் கூட்டாமல் மறுநாள் மதியம் வரை பொறுத்திருக்க வேண்டும், இதை முன்கூட்டியே அவளிடம் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டு நகலும் காப்பீட்டு எண்ணும் உங்களிடம் ஒரு பிரதி இருக்கட்டும். பை தைக்கக் கொடுப்பதாக இருந்தால் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள், காரைக்குடியில் நல்ல தையற்காரர் ஒருவரைத் தெரியும்.